நடுக்குவாதமும் குருதிச் சான்றும்

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் பெருவழியில் அமைந்த வாடிப்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த நஞ்சை ஊர்களிலும் ‘வாதம்’ என்னும் சொல் மிகப் பரந்த பொருளில் வழங்குகின்றது. உடலின் ஒரு பக்கம் செயலிழப்பின் பக்கவாதம். மூட்டுகள் வீங்கி முடங்கின் முடக்குவாதம். குழந்தைக்குக் கால் சூம்பின் இளம்பிள்ளைவாதம். முகம் கோணின் முகவாதம். கை நடுங்கின் நடுக்குவாதம். இவற்றுள் முதலாவது மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்படுவதனாலோ குருதிக்குழாய் வெடிப்பதனாலோ நிகழ்வது. இரண்டாவது உடலின் காப்பாற்றல் தன் மூட்டுகளையே பகையெனத் தாக்குவதனால் வருவது. மூன்றாவது நச்சுயிரி ஒன்றால் விளைவது. காரணத்தால் இவை ஒன்றோடொன்று சிறிதும் உறவில்லாதவை. தோற்றத்தில் அசைவு கெடுதல் என்ற ஒன்றே இவற்றைப் பிணைக்கின்றது. சித்த மருத்துவ நூலோர் வாதநோய் எண்பது எனத் தொகை கூறினர். கண்ணுக்குப் புலனாகும் குறியை வைத்து நோய்க்குப் பெயரிடுதல் அவர்தம் நெறி. அந்நெறியைக் குறையென இகழ்தல் பொருந்தாது. 1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்சு பார்க்கின்சன் தம் சிறுநூலுக்கு இட்ட பெயரும் ‘நடுங்கு வாதம் பற்றிய கட்டுரை’ என்னும் பொருள் தருவதேயாகும். அவர் எடுத்துரைத்த நோயாளர் அறுவர். அவருள்ளும் சிலரைத் தெருவில் செல்லும்போது கண்டதல்லது, தொட்டு ஆராய்ந்தார் அல்லர். நடையையும் நடுக்கத்தையும் கண்ணாற் கண்டு எழுதிய அச்சிறுநூல் இன்றும் போற்றப்படுகின்றது.

ஆயினும் கண் காட்டும் குறி ஓர் எல்லை வரையே துணைசெய்யும். நடுக்குவாதம் என நம் மக்களும், பார்க்கின்சன் நோய் என மருத்துவர் பலரும் முதற்பார்வையில் அழைக்கும் நிலைக்குள் குறைந்தது நான்கு நோய்கள் அடங்கியுள்ளன என்பது கடந்த அறுபது ஆண்டுகளில் தெளிவாயிற்று. அவற்றை உயிரோடிருக்கும் மனிதனிடத்து எவ்வாறு பிரித்தறிவது, ஒரு துளிக் குருதி அதற்குத் துணையாகுமா என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் ஆய்விதழில் இஃது இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு சொல் பல பொருளைச் சுட்டி நின்று மயங்கவைக்கும் சிக்கலும் அம்மயக்கத்தை நீக்கும் வழியும் நம் இலக்கணத்தார் நெடுங்காலமாக ஆராய்ந்தவை. தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை இருவகையாகப் பகுத்தார். ஒன்று, உடன்வரும் வினையால் பொருள் வேறுபடுவது. மற்றொன்று, வினையாலும் வேறுபடாதது. ‘மா காய்த்தது’ என்ற வழி மரம் என்பது விளங்கும். ‘மா கனைத்தது’ என்ற வழி குதிரை என்பது விளங்கும். ‘மா சாய்ந்தது’ என்ற வழியோ எதுவெனத் துணிய இயலாது. அடைகொடுத்தோ இடஞ்சுட்டியோ கூறவேண்டும். நடுக்குவாதத்தின் வகைகளும் இவ்வாறே. சில குறிகள் அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன, சில காட்டுவதில்லை. காட்டாத இடத்திற்கு அடைமொழி தேடும் முயற்சியே குருதி ஆராய்ச்சி.

முதலில் அந்நான்கினையும் அறிதல் வேண்டும். பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் உடலின் ஒருபக்கத்தில் தொடங்கும், ஓய்ந்திருக்கும் கை நடுங்கும், அசைவு மெதுவாகும், தசை விறைக்கும், லெவோடோப்பா என்னும் மருந்துக்கு நன்கு இணங்கும். இரண்டாவது நோயை ரிச்சர்ட்சன், ஸ்டீல், ஓல்ஷெவ்ஸ்கி என்னும் மூவர் கனடா நாட்டு டொராண்டோ நகரில் கண்டு 1964இல் விரிவாக வெளியிட்டனர். இதில் நோயாளி நோய் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, பெரும்பாலும் பின்புறமாக, விழத்தொடங்குவார். கண்ணை மேலும் கீழும் விரைந்து ஓட்ட இயலாமற் போகும். பின்னர்ப் பார்வை நேராகவே நிலைத்துவிடும். தட்டில் உள்ள சோற்றையும் இறங்கவேண்டிய படியையும் அவரால் குனிந்து நோக்க இயலாது. இதனை ஈண்டுப் ‘பார்வைநிலை வாதம்’ என வழங்குவோம். மூன்றாவது, 1969இல் கிரகாம், ஓப்பன்ஹைமர் என்பார் பெயரிட்டது. மூளையின் பல மண்டலங்கள் ஒருசேர நலிவது. எழுந்து நின்றவுடன் குருதியழுத்தம் வீழ்ந்து மயக்கம் வரும். சிறுநீர் அடங்காது அல்லது கழியாது. சிலருக்கு நடுக்குவாதக் குறிகள் மிகும். சிலருக்குச் சிறுமூளை கெட்டு நடை தள்ளாடும். இது ‘பன்மண்டல நலிவு’. நான்காவது, 1968இல் ரெபைசு முதலியோர் எழுதியது. ஒரு கை மட்டும் விறைத்து, தன் சொற்படி கேளாததாய், சில வேளை தன்னுடையது அன்றுபோல் தானே இயங்கும். பொத்தான் இடவும் சாவியைத் திருப்பவும் அக்கை மறந்துவிடும். இதனைப் ‘புறணி நலிவு’ எனலாம். இம்மூன்று பெயரும் ஆசிரியன் இக்கட்டுரைக்கென அமைத்துக்கொண்டவை; இவற்றினும் சிறந்தன கிடைப்பின் ஏற்கத்தக்கனவே.

பெயர் வேறாயின் என்ன, எல்லாம் முதுமையில் வரும் தீராநோய்தானே எனக் கேட்பார் உளர். வேறுபாடு உண்டு. பார்க்கின்சன் நோயினர் தக்க மருந்துடன் பல்லாண்டுகள் வாழ்வர், வேலை செய்வர். ஏனைய மூன்றும் பெரும்பாலாரைப் பத்தாண்டிற்குள் இறுதிக்குக் கொணர்வன; லெவோடோப்பா அவற்றில் சிறிதே பயன்படும், அல்லது பயன்படாது. பார்வைநிலை வாதத்தினருக்கு முதல் நாளிலிருந்தே வேண்டுவது விழாமற் காத்தலும், உணவு மூச்சுக்குழலில் இறங்காமற் பார்த்தலும் ஆம். பன்மண்டல நலிவுற்றோருக்கு மருந்தளவைக் கூட்டுவதே குருதியழுத்தத்தை மேலும் வீழ்த்தி அவரை மயங்கச்செய்யக் கூடும். ஒரு நோயை மற்றொன்றாக எண்ணிய குடும்பம் பயனற்ற மருந்தின் அளவைக் கூட்டியும் மருத்துவரை மாற்றியும் இரண்டு மூன்று ஆண்டுகளை இழந்துவிடுகின்றது. நிலத்தை விற்று அலைந்த குடும்பங்களும் உண்டு. தவிரவும், புதிய மருந்து ஒன்றை ஆராயும்போது நால்வகையினரும் கலந்திருப்பின் அம்மருந்து ஒரு வகையினருக்குப் பயன்பட்டாலும் அப்பயன் வெளிப்படாது மறைந்துபோகும்.

மருத்துவர் எவ்வளவு தவறுகின்றனர் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. இலண்டன் மூளைக் காப்பகத்தில், உயிரோடிருந்தபோது பார்க்கின்சன் நோய் எனத் துணியப்பெற்ற 100 பேரின் மூளைகளை இறந்தபின் ஆராய்ந்தனர். 1992இல் வெளிவந்த அம்முடிவின்படி 76 பேருக்கே துணிபு சரியாயிருந்தது. எஞ்சியோரிடத்துப் பார்வைநிலை வாதம், பன்மண்டல நலிவு முதலியன காணப்பட்டன. அவர்கள் நல்ல மருத்துவமனைகளில், தேர்ந்த வல்லுநரால் ஆராயப்பட்டோர் என்பதனை மறத்தலாகாது. அதன் பின்னர்த் துணிபு நெறிகள் திருந்தியுள்ளன. எனினும் இறுதித் தீர்ப்பு இன்றும் மூளைத் திசுவையே சார்ந்திருக்கின்றது. பார்க்கின்சன் நோயில் நரம்பணுக்களின் உள்ளே ஆல்பா சைனூக்ளின் என்னும் புரதம் உருண்டைகளாகத் திரண்டிருக்கும். லெவி என்பார் 1912இல் கண்ட அவ்வுருண்டைகளில் அப்புரதமே உள்ளது என்பது 1997இல்தான் தெரியவந்தது. பன்மண்டல நலிவிலும் அதே புரதந்தான். ஆனால் அது நரம்பணுவைச் சூழ்ந்து பேணும் துணையணுக்களில் திரள்கின்றது. ஏனைய இரண்டிலும் திரள்வது டௌ என்னும் வேறு புரதம். ஆகவே நான்கு நோய், இரண்டு புரதம், திரளும் இடமும் மடியும் வடிவமும் வேறு வேறு. நம் நாட்டில் இறந்தோர் மூளையை ஆராய்ச்சிக்கு வழங்கும் வழக்கம் அரிது. பெங்களூரில் தேசிய மனநல நரம்பறிவியல் நிலையத்தில் 1995இல் தொடங்கிய மூளைக் காப்பகம் இத்துறையில் இந்தியாவின் முதன்முயற்சி. சுடலையில் முடியும் சான்றை உயிரோடிருக்கும்போதே பெறவேண்டும் என்னும் தேவை, ஆதலின், நமக்கே மிகுதியும் உரியது.

மருந்தே சோதனையாகவும் நின்ற வரலாறு தனியே கூறத்தக்கது. அதில் சென்னைக்கும் பங்குண்டு. நம் ஊர்களின் வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையை ஆராய்ந்து, அதில் டோப்பா என்னும் பொருள் மிகுதியாக உள்ளதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். அம்முடிவு சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து 1937இல் வெளிவந்தது. அப்பொருள் எதற்குப் பயன்படும் என்பது அன்று உலகில் எவருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து, 1957இல் சுவீடன் நாட்டுக் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பின் என்னும் மருந்தைக் கொடுத்து அவற்றை அசைவற்றுக் கிடக்கச் செய்தார். பின் டோப்பாவைச் செலுத்தியதும் அவை எழுந்து ஓடின. ரெசர்ப்பினோ இந்திய மூலிகையாகிய சர்ப்பகந்தியிலிருந்து பெற்றது. ஓர் இந்தியச் செடியின் பொருள் விளைத்த முடக்கத்தை, மற்றோர் இந்தியக் கொடியிலும் உள்ள பொருள் தீர்த்தது என்பது வியப்பிற்குரிய பொருத்தம். 1960இல் வியன்னாவில் ஹோர்னிகிவிச்சு, பார்க்கின்சன் நோயினர் மூளையில் டோப்பமின் குன்றியிருத்தலைக் காட்டினார். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாசு பெருமளவு டோப்பா கொடுத்து நோயாளரை நடக்கச் செய்தார். அதுமுதல் ‘டோப்பாவுக்கு இணங்கினால் பார்க்கின்சன், இணங்காவிடின் வேறு’ என்பது நடைமுறைச் சோதனையாயிற்று. பூனைக்காலி விதையை அளவறியாது வாங்கி உண்ணுதல் இதனால் தகுதியாகிவிடாது. விதைக்கு விதை அளவு மாறுவதோடு வாந்தியும் உளமயக்கமும் தரவல்லது. சோதனை என்ற வகையிலும் டோப்பா முழுமை உடையதன்று. பன்மண்டல நலிவுற்றோருள் ஒரு பகுதியினர் தொடக்க ஆண்டுகளில் அதற்கு இணங்கிப் பின்னரே கைவிடப்படுகின்றனர். வினையாலும் பொருள் வேறுபடாத இடம் இதுவே.

குருதியில் சான்று தேடுதல் புதிய எண்ணம் அன்று. அசைவு நோய் ஒன்றில் அது முன்னரே வெற்றி கண்டுள்ளது. 1912இல் கின்னியர் வில்சன் என்பார் இளையோருக்குக் கைநடுக்கமும் முறுக்கும் பேச்சுக்குழறலும் ஈரல் கேடும் சேர்ந்து வரும் நோயொன்றை விவரித்தார். ஈரல் செம்பை வெளியேற்ற இயலாமையால் அது மூளையிலும் ஈரலிலும் தேங்குதலே அதன் காரணம். குருதியில் செம்பைத் தாங்கும் செருலோபிளாசுமின் என்னும் புரதம் அந்நோயினரிடம் குறைந்திருத்தல் 1952இல் அறியப்பட்டது. 1956இல் வால்சு என்பார் செம்பைப் பற்றி வெளியேற்றும் பெனிசில்லமின் மருந்தை அறிமுகப்படுத்தினார். இளம்வயதில் நடுக்கம் கண்ட எவருக்கும் இச்சோதனையைச் செய்தே தீரவேண்டும் என்பது இன்று மருத்துவப் பாடம். ஏனெனில் காலத்தே கண்டால் தீர்க்கத்தக்க நோய் இது. பரம்பரை நோய்களிலும் குருதி முடிவான விடை தருகின்றது. சிறுமூளை நலிவின் முதல்வகைக்குரிய மரபணுப் பிழை 1993இல் கண்டறியப்பட்டது. தமிழ்ச் சமூகம் ஒன்றில் அவ்வகை மிகுந்திருத்தலை 2005இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அச்சமூகத்தின் பெயரை ஈண்டு எழுதாமையே நன்று. மணம் பேசுமிடத்து இத்தகைய செய்திகள் எவ்வாறு பயன்படுத்தப்படும் என்பதை நாம் அறிவோம். தள்ளாடி நடக்கும் ஒருவருக்கு வந்தது பரம்பரைச் சிறுமூளை நலிவா, பன்மண்டல நலிவா என்னும் ஐயத்தைக் குருதியிலுள்ள மரபணு பல வேளைகளில் தீர்த்துவைக்கும்.

ஆனால் நாம் கூறிய நான்கு நோய்களும் பெரும்பாலாரிடத்துத் தனியொரு மரபணுவால் வருவன அல்ல. அங்கே மூளையில் நிகழும் கேட்டின் எச்சத்தைக் குருதியில் தேடவேண்டும். ஆங்கிலத்தில் பயோமார்க்கர் எனப்படும் இத்தகைய எச்சத்தைச் ‘சுட்டுப்பொருள்’ எனலாம். மூளைக்கும் குருதிக்கும் இடையே தடுப்பு ஒன்று உண்டு; அதனைக் கடந்து வருவது மிகச் சிறிது. நரம்பிழையின் உட்சட்டமாக நின்று அதனைத் தாங்கும் நியூரோபிலமெண்டு என்னும் புரதத்தின் இலகுவகை, இழை சிதையும்போது வெளியேறி மூளைத்தண்டுநீரிற் கலந்து, பின் குருதியை அடைகின்றது. அவ்வாறு அடைவது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழப் பத்து இருபது பிக்கோகிராம். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. இதனை அளக்கும் கருவி 2010ஆம் ஆண்டையொட்டி வந்தது. நுண்மணிகளின்மேல் அப்புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளைப் பூசி, ஒரு மணிக்கு ஒரு குழியாகப் பல்லாயிரம் நுண்குழிகளில் இட்டு, ஒளிரும் குழி எத்தனை என எண்ணுவது அதன் முறை. மொத்த ஒளியை அளவாமல் ஒளிரும் குழியை எண்ணுதலே அதன் நுட்பம். களத்துநெல்லை மரக்காலால் அளப்பதற்கும் மணிமணியாக எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு எனலாம்.

பார்வைநிலை வாதம் முதலிய மூன்றிலும் நரம்பிழைகள் விரைந்து சிதைகின்றன; பார்க்கின்சன் நோயில் மெல்லச் சிதைகின்றன. ஆகவே முன்னவற்றில் இப்புரதம் குருதியில் மிகும். 2017இல் சுவீடன் நாட்டு லுண்டு நகரத்தாரும் இலண்டன் நகரத்தாரும் இணைந்து மூன்று குழுவினரிடம் இதனை ஆராய்ந்தனர். லுண்டுக் குழுவில், மூன்று நோயினரைச் சரியாகக் காட்டிய விழுக்காடு 82; பார்க்கின்சன் நோயினரைச் சரியாக விலக்கிய விழுக்காடு 91. இலண்டனில் அவை முறையே 80, 90. நோய் தொடங்கி மூன்றாண்டிற்கு மேற்படாத மூன்றாம் குழுவிலோ 70, 80.

இவ்வெண்களைப் படிக்கும்போது எண்ணிப் படித்தல் வேண்டும். செய்தித்தாள்கள் எண்ணாமற் படித்துவிடுகின்றன. ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். நடுக்குவாதக் குறியோடு 100 பேர் மருத்துவமனைக்கு வருகின்றனர் எனவும், அவருள் 80 பேர் பார்க்கின்சன் நோயினர், 20 பேர் பிற மூன்று நோயினர் எனவும் கொள்க. 80, 90 என்னும் திறமுடைய சோதனை, இருபதின்மருள் 16 பேரைக் காட்டும். எண்பதின்மருள் 8 பேரைத் தவறாகக் காட்டும். ‘பிற நோய்’ எனச் சோதனை கூறிய 24 பேருள் மூன்றில் ஒருவருக்கு அத்தீர்ப்புப் பொய். தொடக்கநிலைக் குழுவின் 70, 80 என்னும் திறத்தைக் கொண்டால், காட்டப்பட்ட 30 பேருள் 16 பேர் பார்க்கின்சன் நோயினரே ஆவர். பாதிக்கு மேல் பொய்யாகும். தெளிவு எப்பொழுது மிகுதியும் வேண்டப்படுகின்றதோ அப்பொழுதே சோதனை மங்குகின்றது. மறுதலைப்பக்கம் நோக்கின் நிலை நன்றாயுள்ளது. 80, 90 திறத்தில், ‘அளவு மிகவில்லை’ என வந்த 76 பேருள் 72 பேர் பார்க்கின்சன் நோயினர். எனவே இச்சோதனை கொடிய நோய் உண்டென நாட்டுதற்கு வலியற்றது. இல்லையென ஆறுதல் கூறுதற்கு ஓரளவு வலியுடையது. ஒரு குடும்பத்திடம் எந்தப் பக்கத்தை எவ்வுறுதியோடு சொல்லலாம் என்பது இக்கணக்கிலேயே அடங்கியிருக்கின்றது.

இன்னொரு குறையும் உண்டு. நரம்பிழை எங்கோ சிதைகின்றது என்பதை இப்புரதம் கூறுமேயன்றி, எந்நோயால் சிதைகின்றது எனக் கூறாது. அது சுட்டு; பெயர் அன்று. ‘அவன்’ என்றால் ஒருவன் உளன் என்பது தெரியும். இன்னான் என்பது தெரியாது. பார்வைநிலை வாதத்தையும் பன்மண்டல நலிவையும் தம்முள் பிரிக்க இப்புரதம் உதவுவதில்லை. முதுமை இயல்பாகவே இதனை உயர்த்தும். சிறுநீரகம் குன்றினும், நீரிழிவால் கைகால் நரம்புகள் கெடினும், பக்கவாதம் தாக்கினும் உயரும். உடற்பருமன் மிகின் குருதியின் அளவு மிகுதலால் சற்றுத் தாழும். கீழே விழுந்து தலையில் அடிபட்டாலும் உயரும். விழுதலோ இந்நோயினருக்கு நாள்தோறும் நேர்வது. நீரிழிவு மலிந்த நம் மாவட்டத்தில் அறுபத்தைந்து வயது உழவர் ஒருவரின் குருதியளவைச் சுவீடன் மக்களின் அளவோடு ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுதல், ஒரு நாட்டு மரக்காலால் மற்றொரு நாட்டு வரகை அளந்து வரி விதிப்பது போலாகும். நம் மக்களின் அகவைவாரியான இயல்பளவை முதலில் வகுத்தல் வேண்டும்.

பெயரையே கூறவல்ல சான்று திரளும் புரதத்திடமே இருத்தல் வேண்டும். பிழைபட மடிந்த ஆல்பா சைனூக்ளின், நல்ல நிலையிலுள்ள அப்புரதத்தையும் தன்போல் மடிக்கும் இயல்புடையது. பாலில் இட்ட உறை பாலைத் தயிராக்குவது போன்றது. அவ்வுறையின் சிறு துகள் ஒருவரது நீரில் இருப்பின், ஆய்வுக்கூடத்தில் நற்புரதத்தைச் சேர்த்து அதனைப் பெருக்கிக் காணலாம். மூளைத்தண்டுநீரில் இம்முறையைக் கையாண்டு 2023இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நிகழ்ந்த பன்னாட்டு ஆய்வில், பார்க்கின்சன் நோயினருள் 87.7 விழுக்காட்டினரிடம் உறை காணப்பட்டது. பன்மண்டல நலிவின் உறை வேறு வடிவில் மடிந்தது என்பதும், அதனால் இரண்டையும் பிரிக்கலாம் என்பதும் 2020இல் காட்டப்பட்டன. தோலில் சிறு துணுக்கு எடுத்து இப்புரதத்தைத் தேடும் முறை பற்றிய ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. அது பார்க்கின்சன் நோயினருள் 92.7 விழுக்காட்டினரிடமும், பன்மண்டல நலிவினருள் 98.2 விழுக்காட்டினரிடமும் அதனைக் கண்டது. இரண்டிலும் காண்பதால், பார்வைநிலை வாதத்தினின்று இவ்விரண்டையும் பிரித்தற்கு அது பெரிதும் உதவும்; இரண்டையும் தம்முள் பிரித்தற்கு அவ்வளவு உதவாது.

முதுகெலும்பில் ஊசி செலுத்தி நீர் எடுக்க நம் மக்கள் அஞ்சுவர், அஞ்சுதல் இயல்பே. குருதியில் இதனைக் காண்பதிலோ பெரிய இடர் ஒன்றுள்ளது. குருதியிலுள்ள ஆல்பா சைனூக்ளினில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கிற்கு மேல் செவ்வணுக்களில் உள்ளது; மூளையிலிருந்து வந்ததன்று. குருதி எடுக்கும்போது சில செவ்வணுக்கள் உடைந்தாலே அளவு முழுவதும் பொய்த்துவிடும். நரம்பணுக்கள் வெளியிடும் நுண்பைகளைத் தனியே பிடித்து அவற்றினுள் அளந்தால் இவ்விடர் நீங்கும் என்று 2020இல் ஆக்சுபோர்டு அறிஞர் நல்ல முடிவுகளை வெளியிட்டனர். அப்பைகளைப் பிடிக்கக் கைப்பிடியாகக் கொண்ட புரதம் அப்பைகளோடு இணைந்திருப்பதே இல்லை என 2021இல் அமெரிக்க ஆய்வாளர் மறுத்தனர். மூலச்சுவடி எதுவென்பதில் ஐயம் எழுந்தால் அதன்மேல் எழுப்பிய பாடத்துணிபு முழுவதும் ஆட்டங்காண்பதைப் பதிப்பாசிரியர் அறிவர், இங்கும் அந்நிலையே. 2023இல் தோக்கியோ நகர் சுண்டென்டோ பல்கலைக்கழகத்தார் குருதித் தெளிநீரினின்று உறைத்துகளை எதிர்ப்பொருளாற் பிரித்துப் பெருக்கி, பார்க்கின்சன் நோயிலும் பன்மண்டல நலிவிலும் திரளிழையின் வடிவு வேறுபடுதலைக் காட்டினர். குருதியே பெயரையும் கூறும் என்னும் நம்பிக்கைக்கு இன்றுள்ள வலிய சான்று இதுவாகும். பிறர் பல ஆய்வுக்கூடங்களில் செய்து ஒப்பவேண்டிய நிலையில் உள்ளது. டோப்பாவை டோப்பமினாக்கும் நொதி குருதியில் மிகுதலும் 2023இல் லுண்டு நகரத்தாரால் கூறப்பட்டது. அது நால்வகையிலும் மிகுவது. டோப்பா மருந்து உண்போரிடத்தும் மாறுவது. ஆதலின் பிரித்தற்குக் கருவியாகாது. டௌ புரதத்தால் வரும் இரு நோய்களுக்கும் பரவலாக ஏற்கப்பட்ட குருதிச் சோதனை இன்றளவும் அமையவில்லை.

வாடிப்பட்டியிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். நரம்பியல் மருத்துவர் அங்கே உளர். குருதிச் சான்று நாளை கைவந்தாலும், எடுத்த குருதியை உடனே சுழற்றித் தெளிநீரைப் பிரித்து, உறைநிலைக்கு மிகக் கீழே காத்து அனுப்பவேண்டும். வெயிற்காலத்தில் பேருந்தில் கொண்டுசெல்லும் குருதி ஆல்பா சைனூக்ளின் ஆய்வுக்குப் பயன்படாது. அதுவரை வட்ட மருத்துவமனையிலேயே செய்யத்தக்க பிரித்தறி சோதனைகள் சில உண்டு. அவற்றிற்குச் செலவும் இல்லை. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று மணித்துளிக்குள்ளும் குருதியழுத்தத்தை அளத்தல் ஒன்று. மேலளவு 20 புள்ளிக்கு மேல் வீழுமாயின் பன்மண்டல நலிவை எண்ணவேண்டும். விரலை மேலும் கீழும் விரைந்து அசைத்து, கண் தொடர்கின்றதா எனப் பார்த்தல் மற்றொன்று. முதல் விழுகை எப்பொழுது நிகழ்ந்தது, எந்தப் பக்கமாக விழுந்தார் என மனைவியைக் கேட்டறிதல் பிறிதொன்று. நோயாளி இதனைப் பெரும்பாலும் மறைப்பார். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லத்திற்கே வரும் இயன்முறைப் பயிற்சி, விழுகையைக் குறைத்தற்கு ஏற்ற வாயிலாகும்.

எழுத்துச் சோதனை ஒன்றும் உண்டு. நம் துறையினர்க்கு அது பெரிதும் உரியது. பார்க்கின்சன் நோயினர் எழுதும் வரி தொடக்கத்தில் இயல்பாயிருந்து, போகப்போகச் சிறுத்து, முடிவில் கண்ணுக்குப் புலனாகாத கீறலாகும். பார்வைநிலை வாதத்தினர் எழுத்து முதலிலேயே சிறுத்திருக்கும். ஆனால் வரி முடிவுவரை அதே அளவில் நிற்கும். இலண்டன் ஆய்வாளர் 2012இல் விரல்தட்டலிலும் கையெழுத்திலும் இவ்வேறுபாட்டை அளந்து காட்டினர். விரல்தட்டலுக்கும் அதே நெறிதான். பெயர்பெற்ற வாடிப்பட்டி மேளக்காரர் ஒருவருக்கு நோய் வரின், அடி படிப்படியாகத் தேய்கின்றதா, தொடக்கமே சிறுத்து ஒரே அளவில் ஓடுகின்றதா என்பதை உடன் வாசிப்போர் மருத்துவருக்கு முன்பே உணர்வர். அங்கே அளக்கப்பட்டது உரோமானிய எழுத்து. தமிழெழுத்தில் இதனை அளக்க ஒரு சொற்றொடர் வேண்டும்: மேற்குறியும் கீழ்வளைவும் இன்றி ஒத்த உயரமுடைய ப, ம, ட, ய போன்ற எழுத்துகளால் ஆகி, எழுதத் தெரிந்த முதியவர் எவரும் தயங்காது எழுதக்கூடியதாய், ஒரு வரிக்குக் குறையாததாய் அது அமைதல் வேண்டும். கொம்பும் கொக்கியும் மிகுந்த சொற்கள் உயரத்தை மாற்றி அளவைக் குழப்பும். அத்தகைய தொடரை அமைத்து, நோயற்ற முதியோர் சிலநூற்றுவரை எழுதச்செய்து, அகவைக்கு இத்துணை மில்லிமீட்டர் என இயல்பளவு வகுத்தல் தமிழ்த்துறையும் மருத்துவக் கல்லூரியும் கூடி ஓராண்டில் முடிக்கத்தக்க பணி. அதற்கு வேண்டுவன கோடிடாத தாளும் ஓர் அளவுகோலுமே.